பங்கு கொடுக்கும் முன் திரும்ப வாங்கும் வழியைப் போடுங்கள்

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை வட்டாரத்தில் ஷூ கம்பெனியோ தோல் பதனிடும் ஷாப்போ நடத்துகிறவர்கள் தொழிலாளிக்குப் பங்கு தரும் யோசனையோடு வந்தால், முதலில் கேட்பது “எத்தனை சதவீதம் கொடுக்கலாம்?” என்றுதான். அதற்கு முன்பே தீர்க்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. இருபது வருடம் கட்டிங்கில் நின்ற ஒருவர் 58 வயதில் கணக்கு முடித்துக்கொண்டு கிளம்பும்போது, அவர் கையிலிருக்கும் பங்கை யார் வாங்குவார்? என்ன விலைக்கு? எந்தப் பணத்தில்?

சந்தையில் பட்டியலிட்ட கம்பெனி என்றால் இந்தக் கவலை இல்லை. இங்கே இருப்பவை பெரும்பாலும் குடும்பத்தார் நடத்தும் பிரைவேட் லிமிடெட்டும் பார்ட்னர்ஷிப்பும்தான். அவற்றின் பங்குக்கு வெளியில் வாங்க ஆள் கிடையாது. மாதச் சீட்டுப் போட்டவருக்குக் கடைசித் தவணையிலாவது பணம் எப்போது கைக்கு வரும் என்று தெரியும். பங்குக்கு அப்படி ஒரு தேதி எழுதித் தரவில்லை என்றால் தொழிலாளிக்கு அது வெறும் காகிதம். அதிலும், அதிக வட்டி ஆசை காட்டிப் பணம் திரட்டிய நிதி நிறுவனங்கள் கவிழ்ந்து, காட்பாடியிலும் ஆற்காட்டிலும் பல குடும்பங்களின் சேமிப்பு போன பகுதி இது. கேன்டீனில் கூட்டம் போட்டு “ஷேர்” என்று ஆரம்பித்தாலே “நாங்க எவ்ளோ பணம் கட்டணும் சார்?” என்றுதான் பதில் வரும். அந்தச் சந்தேகம் நியாயமானது. அதற்குப் பதில் சொல்லும் வகையில்தான் திட்டத்தை எழுத வேண்டும்.

முதலில், பங்கு என்று ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். தனிநபர் நிறுவனத்திலும் பார்ட்னர்ஷிப்பிலும் கொடுப்பதற்குப் பங்கே கிடையாது. எல்.எல்.பி. எனும் வரையறுத்த பொறுப்புப் பார்ட்னர்ஷிப்பிலும் அப்படித்தான். தொழிலாளியைப் பார்ட்னராகச் சேர்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள். சாதாரணப் பார்ட்னர்ஷிப்பில் பார்ட்னர் என்றால் கடனுக்கும் பொறுப்பு. மாதம் 13,000 ரூபாய் வாங்குகிறவரை வங்கியின் பேக்கிங் கிரெடிட்டுக்கு, அதாவது ஏற்றுமதி ஆர்டரை முடிக்க வாங்கும் கடனுக்கு, பொறுப்பாளி ஆக்குவது உபகாரம் ஆகாது. அத்தகைய நிறுவனங்களுக்கு இரண்டே வழி. ஒன்று, நிறுவனத்தைக் கம்பெனியாக மாற்றிவிட்டுப் பங்குத் திட்டம் போடுவது. இன்னொன்று, நிழல் பங்கு: பங்கு கைமாறாது, ஆனால் நிறுவனத்தின் மதிப்பு உயர்ந்த அளவுக்குப் பணமாகத் தருவதாக ஒப்பந்தம். இதற்கு கம்பெனிப் பதிவாளரிடம் போக வேண்டியதில்லை. கொடுக்கும் அன்று சம்பளமாகக் கருதி வரி பிடித்தால் முடிந்தது. கம்பெனியாக இருந்தும் குடும்பத்துக்குள் பாகப்பிரிவினை பாக்கி இருக்கும் இடங்களுக்கும் நாங்கள் சொல்வது நிழல் பங்குதான். அண்ணன் தம்பி பங்கே தீராத இடத்தில் மூன்றாவது பங்காளியைச் சேர்க்கக் கூடாது.

யாருக்குக் கொடுக்கலாம் என்பதில் சட்டம் கறாராக இருக்கிறது. 2013 கம்பெனிகள் சட்டத்தின் 62(1)(பி) பிரிவும், 2014 பங்கு மூலதன விதிகளில் 12ஆம் விதியும்தான் அடிப்படை. நிரந்தர ஊழியர்களுக்கும் டைரக்டர்களுக்கும் தரலாம். கம்பெனியைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் புரமோட்டருக்கும் அவர் குழுவைச் சேர்ந்தவருக்கும் தரக்கூடாது. 10 சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருக்கும் டைரக்டருக்கும் கூடாது. இன்டிபென்டென்ட் டைரக்டருக்கும் கூடாது. அரசு அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப்புக்கு மட்டும் பதிவான நாளிலிருந்து 10 ஆண்டு வரை புரமோட்டர் தடையிலும் 10 சதவீதத் தடையிலும் விலக்கு உண்டு. முதலாளி மகனை டிசைன் ஹெட் என்று காட்டி ஊழியர் ஒதுக்கீட்டில் பாதியை எடுத்துக்கொள்ளும் யோசனை இங்கேயே அடிபட்டுவிடும்.

பெரிய ஓட்டை வேறிடத்தில். தோல் ஷாப்பில் தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம்மில் நிற்கிறவர், பச்சைத் தோல் இறக்குகிறவர் பலர் கான்ட்ராக்ட் ஆட்கள். ஷூவின் மேல்பாகமான அப்பரைக் கையால் தைத்துத் தரும் பெண்கள் ஆம்பூர்ப் பக்கம் வீட்டிலேயே உட்கார்ந்து ஜோடிக்கு இவ்வளவு என்று வேலை செய்கிறார்கள். இவர்கள் யாரும் சட்டப்படி ஊழியர் பங்குத் திட்டத்துக்குள் வரமாட்டார்கள். ஆகவே “எங்கள் தொழிலாளர்கள் எல்லோரும் முதலாளிகள்” என்று போர்டு மாட்டும் முன், எத்தனை பேர் கம்பெனியின் சொந்த மஸ்டரில் (ஊழியர் பதிவேட்டில்) இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பாதிக்கு மேல் கான்ட்ராக்டில் இருந்தால், பங்குக்குச் செலவிடும் பணத்தை அவர்களை நிரந்தரமாக்கச் செலவிடுவதே முதல் வேலை. வீட்டில் தைக்கும் பெண்களுக்குத் தனி வழி உண்டு: குடிசைத் தொழில் செய்கிறவர்கள் 10 பேர் சேர்ந்தால் உற்பத்தியாளர் கம்பெனி பதிவு செய்யலாம், அங்கே பங்கு எத்தனை இருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான். பீடி சுற்றுவோர் நிறைந்த குடியாத்தம், பேர்ணாம்பட்டுக்காரர்களுக்குக் கண்ணூரில் 1969இல் தொடங்கிய கேரள தினேஷ் பீடிக் கூட்டுறவு தெரிந்த பெயர்தான். பீடி விற்பனை சரிந்தபோது அது உணவுப்பொருள், குடை என்று இறங்கியது. தொழிலாளியே உரிமையாளராக இருந்ததால், ஆட்களை வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் வேறு வேலை தேட வேண்டியிருந்தது.

பங்குதாரர் எண்ணிக்கை பற்றி ஒரு தவறான பயம் உண்டு. பிரைவேட் கம்பெனியில் 200 பேருக்கு மேல் பங்குதாரர் கூடாது என்பது சரி. ஆனால் ஊழியர்களும், ஊழியராக இருந்தபோது பங்கு பெற்று இன்னும் வைத்திருக்கிற முன்னாள் ஊழியர்களும் அந்த 200இல் சேர மாட்டார்கள். 450 பேருக்குக் கொடுத்தாலும் கம்பெனி பிரைவேட்டாகவே இருக்கும்.

கணக்குக்கு வருவோம். ஒரு கற்பனைக் கம்பெனி: 10 ரூபாய் முகமதிப்பில் 10 லட்சம் பங்குகள், பங்கு ஒன்றின் மதிப்பு 200 ரூபாய், நிரந்தர ஊழியர் 120 பேர். 5 சதவீதம் ஊழியருக்கு என்று முடிவு. உடனே 50,000 பங்கு என்று எழுதிவிடுவார்கள். புதுப்பங்கு வெளியிட்டால் மொத்தமும் கூடும் என்பதால் அது 4.76 சதவீதம்தான். சரியாக 5 வேண்டுமென்றால் 10 லட்சத்தை 0.95ஆல் வகுத்து, வந்ததிலிருந்து 10 லட்சத்தைக் கழிக்க வேண்டும்: 52,632 பங்கு. சின்ன வித்தியாசம்தான், ஆனால் கூட்டத்தில் 5 என்று சொல்லிவிட்டுத் தாளில் 4.76 இருந்தால், கணக்குத் தெரிந்த ஒரு குளோசிங் (தையல் பிரிவு) சூப்பர்வைசர் போதும், நம்பிக்கை அன்றே போய்விடும்.

பங்கிடுவதற்கு சம்பள விகிதம் மட்டும் வைத்தால் மேனேஜர்களே முக்கால்வாசி வாரிக்கொள்வார்கள். தலைக்குச் சமமாகக் கொடுத்தால் நேற்று சேர்ந்தவரும் பதினைந்து வருடக்காரரும் ஒன்று. புள்ளி முறை இரண்டுக்கும் நடுவில் நிற்கும்: முடிந்த ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு புள்ளி, அதிகபட்சம் 10; திறன் படிநிலைக்கு 1 முதல் 5 புள்ளி. 120 பேருக்கும் சேர்த்து 1,300 புள்ளி வந்தால் புள்ளிக்கு 40 பங்கு. போக 632 பங்கு புதிதாகச் சேர்பவருக்கு மிச்சம். 9 வருட அனுபவமும் மூன்றாம் படியும் உள்ள கட்டருக்கு 12 புள்ளி, 480 பங்கு. பட்டியலைப் பெயரோடு ஒட்டாவிட்டாலும், புள்ளி விதியை நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். அவரவர் கணக்கை அவரவரே போட்டுப் பார்க்க முடிய வேண்டும்.

இன்று தருவது பங்கு அல்ல, பிற்காலத்தில் குறித்த விலைக்குப் பங்கு வாங்கிக்கொள்ளும் உரிமை என்பதைத் தமிழிலும், தேவைப்படும் இடத்தில் உருதிலும் ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். ஒதுக்கிய நாளுக்கும் உரிமை முதிரும் நாளுக்கும், அதாவது பங்கை எடுத்துக்கொள்ளும் தகுதி வரும் நாளுக்கும், இடையில் குறைந்தது ஒரு வருடம் இருந்தாக வேண்டும். இது சட்டம், கம்பெனி இஷ்டம் அல்ல. அதற்குப் பிறகு வருடத்துக்குக் கால் பாகமாக நான்கு வருடம் என்பது வழக்கம். நம் கட்டருக்கு வருடம் 120 பங்கு. வாங்கும் விலையை 10 ரூபாய் என்று வைத்தால் அவர் கட்டுவது 1,200 ரூபாய். பங்கை எடுத்துக்கொள்ளும் வரை டிவிடெண்டும் கிடையாது, ஓட்டும் கிடையாது. அந்த உரிமையை விற்கவோ அடகு வைக்கவோ முடியாது. வேலையில் இருக்கும்போது இறந்தால் அதுவரை ஒதுக்கியது முழுவதும் வாரிசுக்கு உடனே முதிர்ந்துவிடும். வேலை செய்ய முடியாதபடி நிரந்தர ஊனம் ஏற்பட்டாலும் அப்படியே. ராஜினாமா செய்தால் முதிராதது போய்விடும். முதிர்ந்ததை எத்தனை நாளுக்குள் எடுக்கலாம் என்பது திட்டத்தில் எழுதியபடி. இதை 30 நாள் என்று போடாதீர்கள். வேலையை விட்டவர் ஊருக்குப் போய் செட்டில்மென்ட்டுக்கு வந்து போவதற்குள் 30 நாள் ஓடிவிடும். ஆறு மாதம் போடுங்கள்.

காகித வேலை இதுதான். போர்டு ஒப்புதல், பிறகு பொதுக்குழுத் தீர்மானம். 2015 ஜூன் 5 அறிவிப்புப்படி பிரைவேட் கம்பெனிக்குச் சாதாரணத் தீர்மானம் போதும், ஆண்டறிக்கைகளைப் பாக்கி வைக்காமல் தாக்கல் செய்திருந்தால். ஆனால் 12ஆம் விதியின் வாசகம் இன்னும் சிறப்புத் தீர்மானம் என்றே பேசுகிறது. அதனால் சிறப்புத் தீர்மானமாகவே போட்டு, அதைப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் எம்.ஜி.டி-14 படிவத்தைத் தாக்கல் செய்துவிடுவது நிம்மதி. குடும்பக் கம்பெனியில் முக்கால்வாசி ஓட்டு கிடைப்பது கஷ்டமில்லை, பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பம் தவிர. ஒரே ஆளுக்கு ஒரு வருடத்தில் 1 சதவீதம் அல்லது அதற்கு மேல் தருவதானால் அதற்குத் தனித் தீர்மானம். யாருக்கு எவ்வளவு உரிமை கொடுத்தோம் என்று எழுதும் எஸ்.எச்-6 பதிவேடு திறக்க வேண்டும். பங்கு ஒதுக்கியதும் அதைப் பதிவாளருக்குத் தெரிவிக்கும் பி.ஏ.எஸ்-3 படிவம் 30 நாளுக்குள்.

சிறு நிறுவன வரம்பைத் தாண்டிய பிரைவேட் கம்பெனிகள் இப்போது டிமேட்டில்தான், அதாவது காகிதம் இல்லாத மின்னணுக் கணக்கில்தான், பங்கு வெளியிட முடியும். திட்டங்கள் மாதக்கணக்கில் தொங்குவது பெரும்பாலும் இங்கேதான், சட்டத்தில் அல்ல. ஆதாரில் “செல்வி க”, பான் கார்டில் “செல்வி கண்ணன்”, பாஸ்புக்கில் “க. செல்வி, க/பெ முருகன்”. தகப்பன் பெயரா புருஷன் பெயரா, இனிஷியல் முன்னாலா பின்னாலா என்று மூன்று ஆவணமும் மூன்று விதம். டிமேட் விண்ணப்பம் திரும்பி வரும். தீர்மானம் போட்ட வாரமே எச்.ஆரில் ஒருவரை உட்கார வைத்து 120 பேரின் மூன்று ஆவணங்களையும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். முதிர்வதற்கு ஒரு வருடம் இருக்கிறதே, அதற்குள் திருத்திவிடலாம். ஒருவருக்கு ஒரே டிமேட் கணக்கு, அதில் இருப்பு 4 லட்சத்துக்குள் என்றால் அடிப்படைச் சேவைக் கணக்காக வைத்துக்கொள்ளலாம், ஆண்டுக் கட்டணம் இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால், வருடம் சில நூறு ரூபாய் கட்டணம் பிடிப்பதைப் பார்த்ததும் “ஷேர் வந்து நஷ்டம்தான்” என்ற பேச்சு கம்பெனி பஸ்ஸில் மாதனூர் வரைக்கும் போகும்.

வரியில் இரண்டு கட்டம் உண்டு. பங்கை எடுத்துக்கொள்ளும் அன்று சந்தை மதிப்புக்கும் கட்டிய விலைக்கும் உள்ள வித்தியாசம் சம்பளத்தோடு சேரும். கம்பெனி அதற்கு டி.டி.எஸ். பிடிக்க வேண்டும். பட்டியலிடாத கம்பெனிக்கு அந்த மதிப்பைச் சொல்ல வேண்டியவர் செபியிடம் பதிவு பெற்ற முதல் வகை மெர்ச்சன்ட் பேங்கர். அறிக்கை, பங்கு எடுக்கும் நாளுக்கு 180 நாளுக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. ஒவ்வொருவரும் நினைத்த நாளில் எடுக்கலாம் என்று திட்டம் எழுதினால் வருடத்துக்கு மூன்று அறிக்கைக்குச் செலவு செய்ய நேரும். தணிக்கை முடிந்த கையோடு வருடத்தில் ஒரே ஒரு மாதம் மட்டும் பங்கு எடுக்கும் ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஒரே அறிக்கையில் எல்லாம் முடியும்.

கட்டருக்கு வித்தியாசம் 190 ரூபாய் வீதம் 120 பங்குக்கு 22,800. அவர் சம்பளத்தோடு சேர்த்தாலும் வரி கிடையாது. ஆனால் அந்தத் தொகை வருமானக் கணக்கில் ஏறும். அப்போது பெண் தொழிலாளிகள் கேட்பது: “மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் நின்னுடுமா?” அந்தத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. ஆகவே வரம்பை ஒட்டி நிற்கும் குடும்பத்துக்கு, எடுக்கும் பங்கை இரண்டு வருடமாகப் பிரித்துக்கொள்ளும் வசதியைத் திட்டத்திலேயே எழுதி வையுங்கள். உரிமை முதிர்ந்ததும் எடுத்தே தீர வேண்டும் என்று கட்டாயமில்லை.

மேல்மட்டத்தில் வேறு சிக்கல். 14 லட்சம் சம்பளம் வாங்கும் டிசைனர் 3,000 பங்கு எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 5.7 லட்சம். 2025-26 நிதியாண்டுப் புதிய வரி முறையில், நிலையான கழிவு 75,000 போக, அவருக்குக் கூடும் வரி செஸ்ஸோடு சுமார் 1.04 லட்சம். விற்க முடியாத பங்குக்கு ரொக்கமாக ஒரு லட்சம் கட்ட வேண்டும். அந்த மாதச் சம்பளத்தில் பிடித்தால் கைக்கு ஒன்றும் வராது. அவருக்கும் வருடம் ஆயிரம் பங்காகப் பிரித்துத் தருவது நல்லது. அல்லது எடுக்கும் அன்றே வரிக்கு ஆகும் அளவு பங்கை வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும். வரியைத் தள்ளிப்போடும் சலுகை குறிப்பிட்ட சான்றிதழ் பெற்ற ஸ்டார்ட்அப்புகளுக்கே உண்டு; நாற்பது வருட ஷூ கம்பெனிக்குக் கிடையாது.

இனி திரும்ப வாங்கும் கதை. நம் கற்பனைக் கம்பெனியில் 52,000 பங்கும் 200 ரூபாய் விலையில் 1.04 கோடி. வருடம் பத்தில் ஒரு பாகம் திரும்பி வந்தால் 10.4 லட்சம் ரொக்கம் தயாராக இருக்க வேண்டும். சராசரி இப்படிச் சொன்னாலும் நிஜத்தில் ஆட்கள் சராசரியாகப் போவதில்லை. புது யூனிட் திறந்த வருடத்தில் ஒரே வயதுக்காரர்களாக அறுபது பேரை எடுத்திருப்பார்கள். அவர்கள் எல்லோரும் இரண்டு வருட இடைவெளிக்குள் 58ஐத் தொடுவார்கள். கிராஜுவிட்டியும் பங்குப் பணமும் ஒரே நேரத்தில் கேட்பார்கள். ஆகவே திட்டம் போடும் முன் மஸ்டரில் உள்ள பிறந்த தேதிகளை வைத்து, அடுத்த 15 வருடத்தில் எந்த வருடம் எத்தனை பேர் ஓய்வு என்று ஒரு தாளில் எழுதுங்கள். வாங்கும் பணத்துக்கான நிதியை அந்தத் தாளைப் பார்த்து ஒதுக்க வேண்டும், லாபத்தைப் பார்த்து அல்ல.

கம்பெனியே திரும்ப வாங்குவது பைபேக். ஊழியர் திட்டத்தில் கொடுத்த பங்கை வாங்கக் கம்பெனிகள் சட்டத்தின் 68ஆம் பிரிவு வெளிப்படையாக அனுமதிக்கிறது. ஆனால் வேலிகள் பல. மூலதனமும் ஃப்ரீ ரிசர்வும் (டிவிடெண்டாகத் தரக்கூடிய சேர்ந்த லாபம்) சேர்ந்ததில் போர்டு அதிகாரத்தில் 10 சதவீதம், சிறப்புத் தீர்மானத்தில் 25 சதவீதம் வரை. ஒரு பைபேக் முடிந்து ஒரு வருடம் ஆகாமல் அடுத்தது கூடாது. அதாவது வருடத்துக்கு ஒரு முறைதான் வாசல் திறக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம், வாங்கிய பிறகு கம்பெனியின் கடன் மூலதனத்தையும் ஃப்ரீ ரிசர்வையும் கூட்டியதில் இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது. ஏற்றுமதிக் கம்பெனிக்கு இது கழுத்தைப் பிடிக்கும் விதி. மூலதனம் 1 கோடி, ரிசர்வ் 11 கோடி என்றால் கடன் 24 கோடிக்குள் இருக்க வேண்டும். பேக்கிங் கிரெடிட், மெஷின் லோன், குடும்பத்தார் போட்ட அன்செக்யூர்ட் லோன் எல்லாம் சேர்த்து 26 கோடி நின்றால், பணமே இருந்தாலும் அந்த வருடம் வாங்க முடியாது. ஆர்டர் நிறைந்த வருடத்தில்தான் பேக்கிங் கிரெடிட்டும் உச்சத்தில் இருக்கும் என்பதையும் கவனியுங்கள். வரியும் நிலையாக இல்லை: 2013இலிருந்து பட்டியலிடாத கம்பெனியே பைபேக் வரி கட்டி வந்தது, 2024 அக்டோபர் 1 முதல் வந்த மாற்றத்தில் முழுத் தொகையும் விற்றவர் கையில் டிவிடெண்டாகக் கருதப்பட்டது. எந்த வருடம் விற்கிறாரோ அந்த வருட விதியை ஆடிட்டரிடம் கேட்டுவிட்டே கையெழுத்து வாங்க வேண்டும்.

அதனால் எங்கள் தேர்வு, ஊழியர்களுக்காகப் பங்கை வாங்கி வைத்திருக்கும் டிரஸ்ட். போகிறவரிடம் டிரஸ்ட் வாங்கும். அடுத்து வருகிறவருக்கு அதிலிருந்தே கொடுக்கும். புதுப்பங்கு வெளியிட வேண்டியதில்லை, குடும்பத்தின் சதவீதம் மேலும் கரைவதும் இல்லை. சாதாரண விற்பனை என்பதால், 24 மாதத்துக்கு மேல் வைத்திருந்த பங்குக்கு நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5 சதவீதம்; எடுத்த அன்று சம்பளத்தில் சேர்த்த மதிப்பே அடக்கவிலை. டிரஸ்ட்டுக்குக் கம்பெனி பணம் கொடுக்கக் கம்பெனிகள் சட்டத்தின் 67ஆம் பிரிவு இடம் தருகிறது, சிறப்புத் தீர்மானத்தோடு. பங்கு மூலதன விதிகளில் 16ஆம் விதிப்படி அதன் அளவு மூலதனமும் ஃப்ரீ ரிசர்வும் சேர்ந்ததில் 5 சதவீதம். மூலதனம் 1 கோடி, ரிசர்வ் 11 கோடி என்று வைத்தால் நம் கம்பெனிக்கு 60 லட்சம். 1.04 கோடிக்கும் ஒரே நாளில் வாங்க முடியாது, ஆனால் வருடாந்திர வரத்துக்கு ஏராளம். வாங்கும் விலையைப் பதிவு பெற்ற மதிப்பீட்டாளர் சொல்ல வேண்டும். டைரக்டர், புரமோட்டர், அவர்களின் உறவினர், 10 சதவீதம் அல்லது அதற்கு மேல் பங்கு வைத்திருப்பவர் யாரும் டிரஸ்ட்டியாக இருக்கக் கூடாது. மருமகன் சட்டப்படி உறவினர், அவரைப் போட முடியாது. மைத்துனர் அந்தப் பட்டியலில் இல்லை. அதற்காக மைத்துனரைப் போட்டுவிட்டு ஊழியர் டிரஸ்ட் என்று சொன்னால் முதல் மதிப்பீட்டு நாளிலேயே சண்டை வரும். ஓய்வுபெற்ற வங்கி மேனேஜர் ஒருவர், ஊழியர்கள் தேர்ந்தெடுத்த இருவர் என்பது நடைமுறையில் ஓடும் அமைப்பு. நிதியை டிரஸ்ட் பெயரில் டெபாசிட்டாக வையுங்கள். கம்பெனி கணக்கில் கிடந்தால் சம்பள வாரத்தில் அது நடைமுறை மூலதனமாகக் கரைந்துவிடும்.

திட்டத்தில் உச்சவரம்பும் வரிசையும் எழுதுங்கள். உதாரணமாக, ஒரு வருடத்தில் வாங்கும் தொகை முந்தைய வருட நிகர லாபத்தில் 15 சதவீதம் வரை. முதலில் இறந்தவரின் குடும்பம், அடுத்து உடல் முடியாமல் போனவர், பிறகு ஓய்வு, கடைசியில் ராஜினாமா. மீந்தவருக்கு அடுத்த வருடம். இங்கே ஒரு உள்ளூர் விஷயம்: வட்டி வாங்காதவர்கள் நிறைய இருக்கும் ஊர்கள் இவை. தாமதத்துக்கு வட்டி சேர்த்துத் தரப்படும் என்று எழுதாமல், அடுத்த வருட மதிப்பீட்டு விலை அல்லது இந்த வருட விலை, எது அதிகமோ அது என்று எழுதினால் எல்லோரும் மனதாரக் கையெழுத்துப் போடுவார்கள்.

பங்கைப் போனஸுக்கு ஈடாகக் காட்டுவது இந்த வட்டாரத்தில் அடிக்கடி எழும் ஆசை. தீபாவளிக்குத் தரும் சட்டப்படியான போனஸ் குறைந்தது 8.33, அதிகம் 20 சதவீதம், அது தனி. பி.எஃப்., கிராஜுவிட்டியும் தனி. சம்பள உயர்வுப் பேச்சு வரும் மாதத்தில் பங்குத் திட்டத்தை அறிவிக்கவே கூடாது. யூனியன் அதை உயர்வைத் தட்டிக்கழிக்கும் வேலை என்றுதான் எடுத்துக்கொள்ளும், எடுத்துக்கொள்வதில் தப்பும் இல்லை. தொழிலாளியின் சேமிப்பு முழுவதையும் இதில் இறக்கச் சொல்வதும் தப்பு. 2001இல் அமெரிக்காவில் என்ரான் விழுந்தபோது ஊழியர்களுக்கு வேலையும் போனது, ஓய்வூதியக் கணக்கில் குவிந்திருந்த கம்பெனிப் பங்கும் போனது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குக்கு 50 சதவீதம் வரை வரி போட்டபோது ஷூ ஏற்றுமதியாளர்கள் பட்ட பாடு நினைவிருக்கும். ஆர்டர் நின்றால் ஓவர்டைமும் நிற்கும், பங்கு விலையும் இறங்கும். வாங்கும் விலை முகமதிப்பாக இருந்தால் தொழிலாளி இழப்பது 1,200 ரூபாய்; சந்தை விலைக்கு வாங்க வைத்தால் 24,000. சட்டம் ஆறு மாதச் சம்பளம் வரை கடன் கொடுத்துப் பங்கு வாங்க வைக்க அனுமதிக்கிறது. அனுமதி இருப்பதெல்லாம் செய்ய வேண்டியவை அல்ல.

இனி பாலாறு. தோல் தொழிலையும் பங்கையும் பற்றிப் பேசிவிட்டு வேலூரில் அதைத் தவிர்க்க முடியாது. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நலமன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம், நீடித்த வளர்ச்சி, முன்னெச்சரிக்கை, மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கைகளை நாட்டின் சட்டத்தின் பகுதி என்று சொன்னது. வட ஆற்காடு அம்பேத்கர் உள்ளிட்ட மாவட்டங்களின் தோல் ஷாப்புகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் போட்டது. 2025 ஜனவரி 30 தீர்ப்பிலும் வேலூர் மாவட்டத் தோல் கழிவும் இழப்பீடும்தான் விஷயம். இடையில், 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுக் கசடுத் தொட்டியின் சுவர் இடிந்து 10 தொழிலாளர்கள் இறந்தார்கள். கழிவைச் சுத்திகரிக்கத் தொடங்கிய கூட்டுக் கம்பெனிகளில், வாணியம்பாடியில் வானிடெக், ஆம்பூரில் ஆம்பூர்டெக், ராணிப்பேட்டையில் ராணிடெக், மேல்விஷாரத்தில் விஷ்டெக் என எங்கும் பங்கு வைத்திருப்பது உறுப்பினர் தோல் ஷாப்புகள். அங்கே உள்ளே வேலை செய்கிறவரும் அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவரும் பெரும்பாலும் ஒரே ஆள்தான். கணக்குப் புத்தகம் மட்டும் அவர் கண்ணுக்கு எட்டாது.

பங்குத் திட்டத்தில் இதற்கு ஒரு கருவி உண்டு, முதிர்வு நிபந்தனை. முக்கால் பாகம் காலத்தால் முதிரட்டும். கால் பாகம் யூனிட்டின் அளவீட்டால் முதிரட்டும். எதை அளப்பது? பச்சைத் தோல் கிலோவுக்கு 30 முதல் 40 லிட்டர் தண்ணீர் செலவாவது வழக்கமான கணக்கு. குரோமிய உப்பால் தோலைப் பதனிடும் சாதாரணக் குரோம் பதத்தில், போட்ட குரோமில் 60, 70 சதவீதம்தான் தோலில் ஏறும். மீதி டிரம் தண்ணீரோடு இறங்கும். உப்புத் தோலை ஊறப்போடும் முன் உதறி எடுத்த உப்பு எவ்வளவு என்பதும் எடை போடக்கூடியது. இந்த மூன்றும் தரையில் நிற்கும் ஆட்களின் கையில் இருப்பவை. டாலர் விலையும் ஆர்டர் அளவும் அவர்கள் கையில் இல்லை, அவற்றை நிபந்தனையாக வைத்தால் லாட்டரி ஆகிவிடும். தண்ணீர் குறைந்தால் ஆர்.ஓ.வுக்கும் ஆவியாக்கும் கலனுக்கும் போகும் கரண்ட் குறையும், அது லாபத்தில் தெரியும், லாபம் மதிப்பீட்டில் தெரியும். இந்தச் சங்கிலியை முழுசாகக் காட்டினால்தான் உப்பு உதறுகிறவருக்கு நிபந்தனை புரியும்.

இதிலும் கெடும் இடம் உண்டு. தண்ணீர் மீட்டரை மட்டும் அளவுகோலாக வைத்தால் ஒரு கழுவலைக் குறைத்துவிடுவார்கள். சுண்ணாம்பு சரியாகப் போகாமல் தோலில் கறை விழும், ஃபினிஷிங்கில் ரிஜெக்ட் கூடும். அதனால் தண்ணீரோடு ரிஜெக்ட் சதவீதத்தையும் சேர்த்தே வைக்க வேண்டும். மீட்டருக்கு முன்னால் பைப்பில் தனிக் கிளை போட்டிருக்கிறதா என்று மாதம் ஒரு முறை யாராவது நடந்து பார்க்க வேண்டும். தனி ஆளுக்கு இலக்கு வைக்காதீர்கள். ஷிஃப்ட் முழுவதுக்கும் ஒரே எண் வையுங்கள்.

கால அட்டவணை எளிது. மார்ச்சில் கணக்கு முடிகிறது. ஜூனுக்குள் தணிக்கையும் மதிப்பீடும். ஜூலையில் பங்கு எடுக்கும் ஜன்னல், ஆகஸ்டில் டிரஸ்ட் திரும்ப வாங்கும் வாசல், செப்டம்பருக்குள் ஆண்டுப் பொதுக்கூட்டம். கூட்டத்தில் 120 பேருக்கும் முழு பேலன்ஸ் ஷீட்டை வாசிக்க வேண்டியதில்லை. ஐந்து எண் போதும்: விற்பனை, சம்பளச் செலவு, வங்கி வட்டி, சுத்திகரிப்புச் செலவு, மிஞ்சிய லாபம். போன வருட எண்ணும் பக்கத்தில். கூட்டத்தை வேலை நேரத்தில் வையுங்கள், ஷிஃப்ட் முடிந்து வைத்தால் பஸ் போய்விடும் என்று பெண்கள் யாரும் நிற்க மாட்டார்கள். அன்றே நாமினி படிவங்களையும் சரிபார்த்துவிடுங்கள். கல்யாணத்துக்கு முன் அப்பா பெயரைப் போட்டவர்கள் பலர் அதை மாற்றியே இருக்க மாட்டார்கள்.